உளவியல் பாடம்: எதை மறுத்தார்கள் என்று பாருங்கள்

உளவியலின் சிந்தனைப் பள்ளிகளைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வறையில் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொரு பள்ளியும் முந்தையதில் எதை மறுத்தது என்று கேட்டுப் படியுங்கள். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வூண்ட் உளவியல் ஆய்வகம் தொடங்கினார். அவருடைய மாணவர் டிட்சனர் அனுபவத்தை அடிப்படைக் கூறுகளாகப் பிரிக்க முயன்றார். மனம் எதற்குப் பயன்படுகிறது என்பதே வில்லியம் ஜேம்ஸின் கேள்வி. 1913இல் வாட்சன் அகநோக்கையே, அதாவது தன் மனத்தைத் தானே கவனித்துச் சொல்லும் முறையையே, ஒதுக்கிவிட்டு, வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராயச் சொன்னார்.

மூளையைப் பற்றிப் படிக்க வேறு வழி: ஒரு பகுதி பழுதானால் எது போகும், எது மிஞ்சும் என்று பாருங்கள். 1861இல் பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்கா பார்த்த நோயாளிக்குப் பிறர் பேச்சு பெரும்பாலும் புரிந்தது. ஆனால் அவர் வாயில் வந்ததெல்லாம் ஏறக்குறைய 'டான்' என்ற ஓசை மட்டுமே. இடது முன்மடலில் சேதம் இருந்தது. இதைவிட வியப்பானது 1953இல் நடந்தது. வலிப்புக்கான அறுவைச் சிகிச்சையில் நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இருபுறமும் இழந்தவருக்குப் புதிய நிகழ்ச்சிகள் எதுவும் நினைவில் தங்கவில்லை. ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார், முந்தைய நாள் பயின்றதே நினைவில்லாமல்! நினைவாற்றல் பற்றிய வினா வந்தால் இந்த எடுத்துக்காட்டை அவசியம் எழுதுங்கள்.