ஸ்டெர்ன்டிரைவ் ஸ்டியரிங்ல ஆட்டமா? கேபிள் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஸ்டெர்ன்டிரைவ் போட்ல (இன்ஜின் உள்ள, ப்ரொப்பல்லர் இருக்கிற டிரைவ் பின்பக்கம் வெளிய) வீலைத் திருப்பினா கொஞ்ச தூரம் சும்மா போகுது, அப்புறம்தான் பின்னாடி டிரைவ் அசையுது. இதைப் பார்த்ததும் முக்காவாசி பேர் பண்றது கேபிள் மாத்துறதுதான். புது கேபிள் போட்டும் பாதி ஆட்டம் அப்படியே இருக்கும், சரி ஹெல்ம்தான் (வீலுக்குப் பின்னாடி கேபிளை நகர்த்துற கியர்) போயிடுச்சுன்னு அதையும் மாத்துவாங்க, அப்பவும் இருக்கும், கடைசில யாராவது பின்னாடி போய் டிரைவைக் கையால ஆட்டிப் பார்த்தா கிம்பல் ரிங் (டிரைவைத் தாங்கி அதை இடம் வலமா திருப்புற வளையம்) கடகடன்னு ஆடும். செலவு பண்ணினது பூரா முன்பக்கம், கோளாறு இருந்தது பூரா பின்பக்கம்.

வீல்ல ஆட்டம் இருக்குன்னு தெரியும், அது எங்கேர்ந்து வருதுன்னு வீலைப் பிடிச்சுக்கிட்டு கண்டுபிடிக்க முடியாது. நடுவுல அத்தனை ஜாயின்ட் இருக்கு: ஹெல்ம், கேபிள், பவர் ஸ்டியரிங் இருந்தா அதோட வால்வும் சிலிண்டரும், அதை லீவரோட இணைக்கிற க்ளெவிஸ் பின், டிரான்சம் (போட்டோட பின்சுவர்) உள்பக்கம் ஸ்டியரிங் லீவர், அதைப் பிடிச்சிருக்கிற மேல் ஸ்விவல் ஷாஃப்ட், கிம்பல் ரிங், அதுக்குள்ள டிரைவைப் பிடிச்சிருக்கிற பெல் ஹவுசிங், அப்புறம்தான் டிரைவ். இது மெர்க்ரூசர் ஆல்ஃபா, பிராவோ மாதிரி யூனிட்டுகளோட அமைப்பு. வால்வோ பென்டால பேரும் வடிவமும் மாறும், ஆனா தேடுற முறை அதேதான்.

இன்னொண்ணு, வீல்ல தெரியுற அளவைப் பார்த்து பயந்துடுறாங்க. சாதாரண ஸ்டியரிங் கேபிள் இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நகர்றதே சுமார் 9 அங்குலம்தான். வீல் 3 சுத்து சுத்துதுன்னும் வீலோட விட்டம் பதிமூணரை அங்குலம்னும் வச்சா, வீல் விளிம்பு 127 அங்குலம் நகர்ந்தாதான் கேபிள் அந்த 9 அங்குலம் போகும், அதாவது 14க்கு 1. அப்போ விளிம்புல 2 அங்குலம் ஆட்டம்னா கேபிள் பக்கம் அது வெறும் மூணரை மில்லிமீட்டர் சொச்சம். ஒரு பின் கொஞ்சம் தேஞ்சிருந்தாலே அவ்வளவு வந்துடும். அதனாலதான் பின்னாடி இருக்கிற சின்ன லூஸுகூட முன்னாடி பூதாகரமா தெரியுது, ஹெல்ம் மேல பழி விழுது.

பவர் ஸ்டியரிங் உள்ள போட்ல இன்ஜின் ஆஃப்ல வச்சு வீலை ஆட்டிட்டு ஐயோ இவ்வளவு லூஸான்னு முடிவு கட்டுறது ரொம்ப சகஜமான தப்பு. அந்த வால்வு வேலை செய்யணும்னா கேபிள் முதல்ல கொஞ்சம் நகர்ந்து வால்வுக்குள்ள இருக்கிற ஸ்பூலை (எண்ணெய் வழியைத் திறக்கிற உருளை) தள்ளணும், அதுக்குன்னே ஒரு இடைவெளி வச்சுத்தான் செஞ்சிருக்காங்க. பம்ப் ஓடாதப்போ அந்த இடைவெளி முழுசும் உங்க கைக்கு ஆட்டமா தெரியும். வீல் எப்படி இருக்குன்னு பார்க்கணும்னா இன்ஜின் ஓடணும், நியூட்ரல்ல இருக்கணும், போட் தண்ணில இல்லன்னா டிரைவுக்குத் தண்ணி பைப் மாட்டியிருக்கணும், இல்லன்னா தண்ணி பம்போட இம்பெல்லர் எரிஞ்சிடும். அந்த நேரத்துல ஸ்டியரிங் லீவர் பக்கமோ ப்ரொப்பல்லர் பக்கமோ யாரும் கை வைக்கக் கூடாது.

கையால செக் பண்றப்போ இதுக்கு நேர் எதிர், சாவி வெளியே, பேட்டரி ஸ்விட்ச் ஆஃப். டிரைவை முழுசா கீழ இறக்கி நேரா வைங்க. டிரெய்லர் பொசிஷன்ல தூக்கி வச்சுட்டு ஆட்டினா நல்ல டிரைவ்கூட ஆடுற மாதிரிதான் இருக்கும், அதை நம்பாதீங்க. எங்க பிடிச்சு ஆட்டுறீங்கங்கிறதும் முக்கியம். நிறைய பேர் அடியில ஸ்கெக்கை (ப்ரொப்பல்லருக்குக் கீழ நீட்டிக்கிட்டு இருக்கிற துடுப்பு மாதிரி பகுதி) பிடிச்சு உலுக்குவாங்க, அப்போ டிரைவ் திரும்பாம பக்கவாட்டுல சாயுது, அதுல தெரியுறது கீழ் ஸ்விவல் பின், புஷ் தேய்மானம். ஸ்டியரிங் ஆட்டம் வேணும்னா ப்ரொப்பல்லருக்கு மேல இருக்கிற தட்டையான ப்ளேட்டோட பின் நுனியைப் பிடிச்சு இடமும் வலமும் திருப்பணும், இழுத்து அடிக்காம மெதுவா.

ஒருத்தர் வெளிய அப்படித் திருப்பட்டும், இன்னொருத்தர் உள்ள டார்ச்சோட ஸ்டியரிங் லீவரைப் பார்க்கட்டும். வெறுமனே பார்த்தா ஏமாந்துடுவீங்க, விரலை ரெண்டு பாகம் சேர்ற இடத்துல குறுக்கா வைங்க, பாதி விரல் இதுல பாதி விரல் அதுல. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசமா நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். டிரைவ் அசையுது, லீவர் அசையலன்னா கோளாறு வெளியதான், கிம்பல் ரிங் ஏரியா. லீவர் அசைஞ்சு சிலிண்டர் நுனி அசையலன்னா க்ளெவிஸ் பின் இல்ல அதோட புஷ். கிம்பல் ரிங் கல்லு மாதிரி நிக்குது, அதுக்குள்ள டிரைவ் மட்டும் முறுக்குதுன்னா பெல் ஹவுசிங்கோட ஹிஞ்ச் பின். டிரைவை ஏத்தி இறக்குற டிரிம் சிலிண்டர் ரெண்டும் கொஞ்சம் ஆடுறதைப் பார்த்து அதான் காரணம்னு போயிடாதீங்க, அங்க ரப்பர் புஷ் இருக்கு, கொஞ்சம் அசையத்தான் செய்யும்.

இப்போ கிம்பல் ரிங், முக்கால்வாசி பழைய மெர்க்ரூசர்ல கதை இங்கதான் முடியும். மேல் ஸ்விவல் ஷாஃப்டோட சதுரமான பகுதியை ரிங் மேல்பக்கம் கவ்விப் பிடிச்சிருக்கும், அதை இறுக்குறது க்ளாம்ப் போல்ட். அந்த போல்ட் லூஸ் ஆனா சதுர ஷாஃப்ட் சதுர ஓட்டைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா அடிச்சு அடிச்சு, அலுமினியம் ரிங்கோட ஓட்டை உருண்டையாகிடும், ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ்ங்கிறதால அதுக்கு அவ்வளவா ஒண்ணும் ஆகாது. முதல்ல போல்ட்டை உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கிற டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவு) இறுக்கிப் பாருங்க, அதுலயே நின்னுட்டா அதிர்ஷ்டம், ஆனா சும்மா விடாம அடுத்த ரெண்டு ஓட்டத்துக்கு அப்புறம் திரும்ப செக் பண்ணுங்க. இறுக்கிக்கிட்டே போய் ரிங்ல இருக்கிற வெட்டு இடைவெளி முழுசா ஒட்டிடுச்சு, இன்னும் ஆடுதுன்னா ரிங் முடிஞ்சுது, அதுக்கு மேல பைப் போட்டு இழுத்தா போல்ட்தான் உடையும். தகடு சொருகுறது, வெல்டிங் வைக்கிறது எல்லாம் வேண்டாம். அலுமினியத்தையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் வெல்டிங்ல சேர்க்க முடியாது, சேர்ந்த மாதிரி தெரியுறது ஸ்பீடுல போகும்போது விட்டுடும்.

டிரான்சம் உள்பக்கம் லீவருக்குக் கீழ துரு வழிஞ்ச கறையோ சொட்டு சொட்டா தண்ணியோ இருந்தா மேல் ஷாஃப்டோட சீலும் புஷ்ஷும் போயிடுச்சுன்னு அர்த்தம், அப்போ வெறும் போல்ட் இறுக்குற வேலை இல்ல அது. அந்த ஷாஃப்ட் நட்டுக்குப் போகணும்னா பெரும்பாலும் இன்ஜினை வெளிய எடுக்கணும், சிலர் ஹவுசிங்ல ஓட்டை போட்டு நட்டைப் பிடிக்கிறாங்க. அந்த ஓட்டையைச் சரியா சீல் பண்ணத் தெரிஞ்ச ஆளா இருந்தா ஓகே, இல்லன்னா நான் சொல்ல மாட்டேன்.

கிம்பல் ரிங், கிம்பல் பேரிங் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க நிறைய. பேரிங்ங்கிறது இன்ஜின்லேர்ந்து டிரைவுக்குப் போற ஷாஃப்டைத் தாங்குறது. அது போனா திரும்பும்போது உறுமுற சத்தம் வரும், வீல்ல ஆட்டம் வராது. அதை மாத்தினா ஸ்டியரிங் சரியாகும்னு யாராவது சொன்னா வேற ஆளைப் பாருங்க.

மெதுவா போகும்போது முன்பக்கம் இப்படி அப்படி அலையுதுங்கிறதை வச்சும் ஸ்டியரிங் லூஸுன்னு சொல்றாங்க. ஸ்டெர்ன்டிரைவ்ல தனியா சுக்கான் கிடையாது, டிரைவே திரும்பி ப்ரொப்பல்லர் தண்ணியைத் தள்ளுற திசையிலதான் போட் திரும்புது, ஐடில்ல அந்தத் தள்ளு கம்மி, போட்டோட அடிப்பக்கம் ஆழமான வி வடிவம்னா கொஞ்சம் அலையத்தான் செய்யும். வீலைப் போட்டு ரெண்டு பக்கமும் திருத்திக்கிட்டே இருந்தா இன்னும் மோசமாகும். அதே மாதிரி ஸ்பீடுல ஒரே பக்கமா இழுக்குறதும் ஆட்டம் இல்ல, ஒத்தை ப்ரொப்பல்லர் டிரைவ்ல அது டார்க்கால வர்ற இழுப்பு, ப்ரொப்பல்லருக்கு மேல இருக்கிற டிரிம் டேபை (சின்னத் துடுப்பு மாதிரி துண்டு) அட்ஜஸ்ட் பண்ணணும். வலப்பக்கம் சுலபமா திரும்புதுன்னா டேபோட பின் நுனியை வலப்பக்கமே நகர்த்தணும், கேட்க தலைகீழா இருந்தாலும் அப்படித்தான்.

இதெல்லாம் சுத்தமா இருந்தா அப்புறம் முன்னாடி வாங்க. டாஷ்போர்டுல ஹெல்ம் போல்ட் லூஸா, வீலே அதோட ஷாஃப்ட்ல ஆடுதா, டில்ட் மெக்கானிசம் தேஞ்சிருக்கான்னு அஞ்சு நிமிஷத்துல பார்த்துடலாம். கேபிள் நுனியைப் பிடிச்சு நிறுத்தியிருக்கிற இடத்துல வெளி உறையும் சேர்ந்து நகர்ந்தா மவுண்ட்தான் லூஸ், கேபிள் நல்லாவே இருக்கலாம். கேபிள் இறுக்கமாவும் இருக்கு ஆட்டமும் இருக்குன்னா உள்ள துருதான், அதை மாத்தியே ஆகணும், க்ரீஸ் அடிச்சு ஓட்டாதீங்க.

க்ரீஸ் நிப்பிள் உள்ள கேபிளுக்கு வழக்கமா க்ரீஸ் அடிக்கிறப்பவும் ஒரு விஷயம், வீலைத் திருப்பி கேபிளோட உள் கம்பி முழுசா உறைக்குள்ள போனப்புறம்தான் அடிக்கணும். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிறப்போ அடிச்சா க்ரீஸ் உள்ள அடைச்சுக்கிட்டு கம்பி திரும்பப் போக முடியாம ஸ்டியரிங்கே லாக் ஆகிடும். நிப்பிள் இல்லாத கேபிளுக்கு அடிக்கவே கூடாது.

ஆட்டம் எங்கன்னு தெரிஞ்சும் பார்ட் வர்ற வரைக்கும் ஓட்டலாமான்னு கேட்டா, க்ளெவிஸ் புஷ்ல கொஞ்சம் தேய்மானம்னா மெதுவா கரைக்கு வந்து சேர்றதுக்கு மேல ஓட்டாதீங்க, கிம்பல் ரிங் ஷாஃப்ட் மேல வழுக்குதுன்னா போட்டைத் தண்ணில இறக்கவே இறக்காதீங்க.