ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒரே பக்கெட்டில் வேண்டாம்

பெங்களூரில் அல்சூர், விவேக்நகர் பக்கமிருந்து ஒயிட்ஃபீல்டு ஆபீஸ்களுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிற நம் ஆட்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, டாய்லெட் கழுவுகிற ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதுதான். கறை சீக்கிரம் போகும் என்று சூப்பர்வைசரே சொன்னாலும் கேட்காதீர்கள். கண் எரிந்து தொண்டை கமற ஆரம்பித்தால் பக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள், அதை எடுத்துக் கொட்டுகிறேன் என்று திரும்ப உள்ளே போகவே வேண்டாம், மூச்சுத் திணறினால் உடனே 112 அவசர எண்ணுக்கு போன் போடுங்கள்.

ஒன்றை ஊற்றினால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, அப்புறம்தான் அடுத்தது. ஆசிட்டைக் கரைக்கும்போது முதலில் தண்ணீர், அதில் மெதுவாக ஆசிட். மாற்றிச் செய்தால் சூடேறி முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டுவிட்டதா? தேய்க்காமல், குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது, அதனால் ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். ரப்பர் கையுறை கம்பெனி தர வேண்டியது, கேட்டு வாங்குங்கள்.

கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

செப்டிக் டேங்கில் இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம்.

சம்பளச் சீட்டில் இஎஸ்ஐக்கு (தொழிலாளர் அரசு காப்பீடு) 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா? அப்படியென்றால் வேலையில் அடிபட்டதற்கு உங்கள் காசு போட வேண்டாம், அட்டையோடு இந்திராநகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.