சந்தை சரியும்போது எஸ்ஐபியை நிறுத்தலாமா?

எஸ்ஐபி என்பது மியூச்சுவல் ஃபண்டில் தவணை முறையில் ஒரே தொகையைப் போட்டு வருவது. மாதம் 5,000 ரூபாய் போடுகிறீர்கள். என்ஏவி, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட் விலை, 50 ரூபாயாக இருந்தால் 100 யூனிட், 40-க்கு இறங்கினால் அதே பணத்துக்கு 125 யூனிட். சரிவில் நிறுத்துபவர் இழப்பது இந்தக் கூடுதல் 25-ஐத்தான். 2020 மார்ச் 23 அன்று பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி 7,610-ல் முடிந்தது; அதே ஆண்டு நவம்பரில் 13,000-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு முறையும் இவ்வளவு சீக்கிரம் மீளாது, அது வேறு விஷயம்.

வேலைக்கே ஆபத்து, கையில் காசு இல்லை என்றால் நிறுத்துவதில் தவறில்லை. ஆனால் கணக்கைக் காலியாக விட்டு 'தானா நின்னுடும்' என்று இருக்காதீர்கள். ஒவ்வொரு தவணை திரும்பும்போதும் வங்கி அபராதமும் ஜிஎஸ்டியும் பிடிக்கும். மாதாந்திர எஸ்ஐபி தொடர்ந்து மூன்று முறை தவறினால் ரத்தாகும். அதற்குப் பதில் ஃபண்டின் ஆப்பில் 'பாஸ்' (pause, தற்காலிகமாக நிறுத்திவைக்கும்) வசதி இருக்கிறதா பாருங்கள். தவணைத் தேதிக்குச் சில நாள் முன்பே கோரிக்கை போட வேண்டும், முந்தின நாள் ராத்திரி போட்டால் அந்த மாதத் தவணையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

பழைய யூனிட்டை விற்க வேண்டாம். பல பங்கு ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் எடுத்தால் 1% வரை வெளியேற்றக் கட்டணம் உண்டு. ஆறு மாதச் செலவுத் தொகையை எஃப்டியிலோ, சீக்கிரம் பணமாக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலோ வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வராது.