பிளாஸ்மா டிவியில் படியும் நிழல்: நாம் செய்கிற தவறுகள்

பெரியப்பா வீட்டு ஹாலில் 2011ல் வாங்கிய 42 இஞ்ச் பிளாஸ்மா டிவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சினிமா, சீரியல் எதைப் போட்டாலும் படம் அருமையாக இருக்கும், கிரிக்கெட் போட்டால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும். பச்சை மைதானத்தின் கீழ்ப்பகுதியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு மங்கலான பட்டை, வலது மேல் மூலையில் ஒரு வட்டம். பட்டை, செய்தி சேனலில் எழுத்து ஓடுகிற இடம். வட்டம் அந்தச் சேனலின் லோகோ. பெரியப்பா ரிட்டயர் ஆன பிறகு காலையில் போட்ட செய்தியை ராத்திரிதான் அணைப்பார், வேறு சேனலுக்குப் போவதென்றால் அவர் தூங்க வேண்டும்.

"டிவி சுட்டுப்போச்சுடா" என்பார். இந்தச் 'சுட்டுப்போச்சு'வில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரே படம் நீண்ட நேரம் நின்று திரையில் நிழலாகப் படிந்துவிடுவதைத்தான் ஆங்கிலத்தில் பர்ன்-இன் என்கிறார்கள், அந்தப் பேச்சு பழைய குண்டு டிவி காலத்திலேயே இருந்தது. அந்தக் காலத்து ஏடிஎம் திரைகளைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், என்ன படம் வந்தாலும் பின்னால் வங்கியின் வரவேற்பு வாசகம் பேய் மாதிரி நிற்கும். கணினிக்கு ஸ்கிரீன்சேவர் வந்ததும் இதைத் தவிர்க்கத்தான். பெயரில் 'எரிவது' இருப்பதால் எதுவோ சூடாகிக் கருகிவிட்டது, துடைத்தால் போகும், மேல் கண்ணாடியை மாற்றினால் போகும் என்று மனசு போகிறது. பெரியப்பா கண்ணாடி துடைக்கிற திரவத்தை வைத்து ஒரு வாரம் தேய்த்தார். நிழல் அசையவில்லை, ஆனால் கண்கூச்சத்தைக் குறைக்க முன்கண்ணாடியில் போட்டிருந்த பூச்சு திட்டுத்திட்டாகப் போய்விட்டது. அம்மோனியா கலந்த திரவம் அந்தப் பூச்சுக்கு ஆகாது. மெத்தென்ற துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும், அதுவும் தூசிக்குத்தான், நிழலுக்கு இல்லை.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? அந்த 42 இஞ்ச் டிவிகளில் பெரும்பாலானவை 1024க்கு 768 பிக்சல். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி அறைகள், ஆக மொத்தம் 23 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு அறையிலும் நியான், செனான் வாயு. மின்சாரம் பாயும்போது வாயு புற ஊதாக் கதிரை வெளியிடும், அது அறையின் உள்ளே பூசியிருக்கும் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் மேல் பட்டு, பாஸ்பர் ஒளிரும். ஏறக்குறைய 23 லட்சம் குட்டி டியூப்லைட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியது போல. டியூப்லைட் எரிய எரிய மங்கும் இல்லையா, இதுவும் அப்படித்தான். எந்த அறை அதிக நேரம், அதிக வெளிச்சமாக எரிந்ததோ அது சீக்கிரம் மங்கும். எல்லா அறைகளும் ஒன்றாக மங்கினால் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பானாசோனிக் தன் பிற்காலப் பிளாஸ்மாக்களில் வெளிச்சம் பாதியாகக் குறைய 1,00,000 மணி நேரம் ஆகும் என்று சொன்னது. ஒரு நாளைக்கு 5 மணி நேரம் பார்த்தால் அது ஐம்பது வருஷத்துக்கு மேல். ஆக டிவி மங்குவது பிரச்சினை இல்லை, ஒரு பகுதி மட்டும் முந்திக்கொண்டு மங்குவதுதான் பிரச்சினை.

இந்த நிரந்தரத் தேய்மானத்தோடு, இமேஜ் ரிட்டென்ஷன் என்று இன்னொன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அது தற்காலிக நிழல். ஒரே படம் கொஞ்ச நேரம் நின்றால் அந்த அறைகளின் சுவரில் மின்னேற்றம் மிச்சமிருக்கும், அதனால் படம் மாறிய பிறகும் பழைய உருவம் லேசாகத் தெரியும். பெரும்பாலும் இருட்டான காட்சியில், சற்றே வெளிச்சமான ஆவி மாதிரி. தேய்மானம் இதற்கு நேர்மாறு, வெள்ளை, சாம்பல், பச்சை என்று ஒரே நிறம் பரவலாக இருக்கும் காட்சியில் மங்கலாகவோ நிறம் மாறியோ தெரியும். சிவப்பு எழுத்தே ஓடிய இடத்தில் சிவப்பு பாஸ்பர் மட்டும் களைத்திருக்கும், அதனால் வெள்ளைத் திரையில் அந்த இடம் பச்சையும் நீலமும் கலந்தது போலத் தெரியும். மூன்றில் சீக்கிரம் சோர்ந்து போவது நீலம்.

தற்காலிக நிழலைப் பார்த்துப் பதறி டிவியை அணைத்து வைக்கிறவர்கள் நிறைய. அணைத்தால் அந்த அறைகள் சும்மா கிடக்கும், நிழலும் அப்படியே கிடக்கும். திரை முழுக்க நிரம்பி, ஓடிக்கொண்டே இருக்கும் படம் எதையாவது போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். சில நிமிஷத்தில் போகலாம், பிடிவாதமான நிழலுக்குச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ பிடிக்கலாம். பல நாள் இப்படிப் பார்த்தும் அதே இடத்தில் அதே அளவு நின்றால்தான் தேய்மானம் என்று சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, ராத்திரி ஹால் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கறுப்புத் திரையைப் போட்டு, டார்ச் இல்லாத குறையாக நிழலைத் தேடாதீர்கள். தேடினால் எந்தப் பிளாஸ்மாவிலும் கிடைக்கும்.

அடுத்தது ரிமோட்டில் நடக்கிற தவறு, எனக்குத் தெரிந்து விஷயம் தெரிந்தவர்களும் செய்வது. நிழல் படிகிறது, வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்று மெனுவுக்குள் போய் பிரைட்னஸைக் குறைப்பார்கள். பெயர் அப்படி இருக்கிறதே! ஆனால் பிளாஸ்மாவில் பிரைட்னஸ் என்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்று சொல்கிற அளவு. அதைக் குறைத்தால் இருட்டுக் காட்சியில் நடிகரின் தலைமுடியும் சுவரும் ஒன்றாகிப் போகும், லோகோவின் வெள்ளை அதே வெள்ளையாக எரிந்துகொண்டிருக்கும். குறைக்க வேண்டியது கான்ட்ராஸ்ட். வெள்ளை எவ்வளவு வெளிச்சமாக வர வேண்டும், அதாவது அந்த அறைகளை எவ்வளவு விரட்ட வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அதைவிடச் சுலபம், விவிட், டைனமிக் என்று கடையில் கண்ணைப் பறிப்பதற்கென்றே வைத்திருக்கும் மோடை விட்டு சினிமா மோடுக்கு வருவது. முதல் இரண்டு நாள் மஞ்சளாக, மங்கலாக இருக்கிற மாதிரி தோன்றும், வீட்டில் சண்டை வரும். மூன்றாம் நாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பலருக்கு நம்பக் கஷ்டமாக இருப்பது கறுப்புப் பட்டை விஷயம். பழைய படம், பழைய சேனல் எல்லாம் சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 4:3 அளவு. அகலத் திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். கறுப்புதானே, அங்கே ஒன்றுமே எரியவில்லையே, அது என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். வீட்டில் வருஷக் கணக்காக ஒரே இடத்தில் காலண்டர் மாட்டியிருந்து, ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். காலண்டருக்குப் பின்னால் இருந்த சுவர் புதுசாக, சுற்றியிருக்கிற சுவர் வெளுத்துப்போய் இருக்கும். அதேதான் இங்கேயும். நடுப்பகுதி உழைத்து உழைத்துத் தேய, ஓரம் இரண்டும் ஓய்வெடுத்துப் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். பிறகு ஒரு நாள் அகலப் படம் போட்டால் இரண்டு ஓரமும் பளிச்சென்று, நடுவில் சோகை. சாம்சங் செட்டுகளில் இதற்காகவே ஓரப் பட்டையைச் சாம்பல் நிறமாக மாற்றும் வசதி உண்டு. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதை அணைத்துவிடுவோம். அணைக்காதீர்கள். இல்லையென்றால் படத்தைத் திரை நிரம்ப இழுத்துப் பாருங்கள், ஆட்கள் கொஞ்சம் குண்டாகத் தெரிவார்கள், பரவாயில்லை. வாரத்துக்கு ஒரு சினிமாஸ்கோப் படம் பார்க்கும்போது மேலும் கீழும் வரும் பட்டைகளுக்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை.

படத்தைச் சில பிக்சல் நகர்த்தும் வசதி ஒன்றும் உண்டு, அதையும் சிலர் அணைத்து வைத்திருக்கிறார்கள். பிக்சல் ஆர்பிட்டர் என்று ஒரு கம்பெனி சொல்லும், பிக்சல் ஷிஃப்ட் என்று இன்னொன்று. படம் அவ்வப்போது சில பிக்சல்கள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரும், ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியலாம் என்பதைத் தவிர அதனால் நஷ்டம் இல்லை. அதேசமயம் அதை நம்பிச் செய்தி சேனலை நாள் முழுக்க விடவும் முடியாது. உள்ளங்கை அகல லோகோவை நாலு பிக்சல் நகர்த்தினால் விளிம்பு மட்டும்தான் மழுங்கும், நடுப்பகுதி எரிந்துகொண்டேதான் இருக்கும்.

டிவியைப் பார்ப்பதைவிட ஓட விடுவது நம் வீடுகளில் அதிகம், நிழல் படிவதும் அந்த நேரத்தில்தான். டிடிஎச்சில் பாட்டு மட்டும் வரும் சேனலைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவது, அதில் திரையில் ஒரே அட்டை மணிக்கணக்கில் நிற்கும். மழை வந்தால் சிக்னல் போய், திரை நடுவே ஒரு பெட்டிக்குள் அறிவிப்பு வந்து உட்காரும். மழை விடட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுத் தூங்கிப்போவோம். படத்தைப் பாஸ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவது, லேப்டாப்பைச் செருகிவிட்டு டாஸ்க்பாரை அப்படியே விடுவது, பிள்ளைகள் லீவு முழுக்க ஒரே விளையாட்டை ஆடுவது (மூலையில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு அசையவே அசையாது). இதற்கெல்லாம் பெரிய வைத்தியம் வேண்டாம். அரை மணி நேரம் ஒன்றும் ஆகாது, தினமும் ஆறேழு மணி நேரம் அதே இடத்தில் அதே படம் என்றால் ஆகும். செய்தி பார்க்கிறவர் பார்க்கட்டும், இடையிடையே வேறு சேனலும் ஓடட்டும். பெரியப்பாவிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடிந்தால் எனக்கும் சொல்லிக்கொடுங்கள்.

நிழல் படிந்த பிறகு செய்கிற வைத்தியங்கள் தனிக் கூத்து. யூடியூபில் வண்ண வண்ணமாக மின்னும் வீடியோவை ராத்திரி பூரா ஓட விடுவது ஒன்று. அவற்றில் பல எல்சிடியில் சிக்கிக்கொண்ட பிக்சலை விடுவிக்கச் செய்தவை, தேய்ந்த பாஸ்பரை அவை ஒன்றும் செய்யாது. டிவியிலேயே வெள்ளைத் திரை அல்லது நகரும் வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கும், தற்காலிக நிழலுக்கு அதைக் கொஞ்ச நேரம் ஓட விடுவது சரிதான். நிரந்தரத் தேய்மானத்துக்கு அதை நாள் கணக்கில் ஓட விடுகிறவர்களும் உண்டு. தேய்ந்த இடத்தை அது புதுப்பிக்காது, தேயாத இடத்தையும் சேர்த்துத் தேய்க்கும். ஒரு கால் செருப்பு தேய்ந்ததென்று மறு கால் செருப்பை ரோட்டில் உரசுகிற வேலை. திரை பூரா வெள்ளை என்றால் மின்சாரமும் நிறைய இழுக்கும் என்பதால் டிவி தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆக எல்லா இடமும் ஒரே அளவு தேய்ந்து சமமாவதும் மெதுவாகத்தான் நடக்கும். ஏற்கெனவே நிழல் லேசாக இருந்தால், செய்தி சேனலைக் குறைத்துவிட்டு வழக்கம்போல் எல்லாவற்றையும் பாருங்கள். சில மாதங்களில் வித்தியாசம் ஓரளவு தானாகவே குறைந்துவிடும்.

பழைய பிளாஸ்மாவைக் கைமாற்றாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பானாசோனிக் 2013 டிசம்பரில் பேனல் தயாரிப்பை நிறுத்தியது, சாம்சங்கும் எல்ஜியும் 2014ல் முடித்துக்கொண்டன. ஆகவே பேனல் போனால் புதுசு கிடைக்காது. விற்கிறவர் ஓட்டிக் காட்டும் சினிமாப் பாட்டைப் பார்த்து மயங்கி முடிவு செய்யாதீர்கள், வேகமாக ஓடும் படத்தில் எந்த நிழலும் தெரியாது. ஒரு பென் டிரைவில் முழுச் சாம்பல், வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்களைப் போட்டுக்கொண்டு போய், திரையின் கீழ்க் கால் பகுதியையும் மேல் மூலைகளையும் ஒவ்வொரு நிறத்திலும் பாருங்கள். ஏதாவது ஒரு கடை வரவேற்பறையிலோ லாட்ஜிலோ இருந்து வந்த செட் என்றால் அங்கேயே கதை தெரிந்துவிடும்.

பிளாஸ்மா போய்விட்டது, இனி இந்தத் தொல்லை இல்லை என்பது இப்போது புதுசாகச் செய்கிற தவறு. சாதாரண எல்இடி டிவி உண்மையில் எல்சிடி, பின்னால் விளக்கு தனி, அங்கே பெரிதாகப் பயம் இல்லை. ஓஎல்இடி அப்படி இல்லை, பிளாஸ்மா மாதிரியே ஒவ்வொரு பிக்சலும் தானே எரிந்து தானே தேய்வது. அதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று சிக்கலாகிறது. மின்சாரம் மிச்சம் என்று ராத்திரி சுவிட்ச் போர்டிலேயே அணைப்போம். எல்ஜி ஓஎல்இடி டிவிகள், மொத்தம் 4 மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்ததும், திரையின் ஏற்றத்தாழ்வை அளந்து சரிசெய்யும் வேலையை அமைதியாக ஓட விடும். அதற்குக் கரண்ட் வேண்டும். தினமும் போர்டில் அணைத்தால் அந்த வேலை நடக்காமலே வருஷம் போகும். இடி மின்னல் நேரத்தில் அணைக்க வேண்டியதுதான், மற்ற நாளில் ரிமோட் போதும்.

எங்கள் வீட்டில் இதை அப்பாவுக்கு மூன்று முறை விளக்கினேன். இப்போது அந்த சுவிட்ச் மேல் செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.