நாய்க்குட்டி மலத்தில் புழு முட்டை பார்ப்பது எப்படி?

மலம் அன்றைக்குப் போட்டதாக இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் கொக்கிப்புழு முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். அப்புறம் தெரிகிற லார்வா (இளம்புழு) குடலிலிருந்து வந்ததா, தரையில் ஒட்டியதா என்று பிரிப்பது பெரும்பாடு. உடனே பார்க்க முடியாவிட்டால் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள் (சாப்பாடு வைக்கும் ஃபிரிட்ஜ் அல்ல). ஃப்ரீசர் கூடாது.

முட்டையை மேலே மிதக்கவைக்க உப்புக் கரைசல் வேண்டும்: ஒரு லிட்டர் வெந்நீரில் 400 கிராம் உப்பு. ஆறிய பிறகு அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கினால் பதம் சரி. தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

கையுறையோடு, கொட்டைப்பாக்கு அளவு மலத்தை, அதாவது சுமார் 3 கிராம், 30 மில்லி கரைசலில் குழைத்து டீ வடிகட்டியில் வடியுங்கள். சோதனைக் குழாயின் விளிம்புக்கு மேல் நீர் லேசாகப் புடைத்து நிற்கும்வரை ஊற்றி, மேலே கவர்ஸ்லிப் (மெல்லிய கண்ணாடிச் சில்லு) வையுங்கள். 15 நிமிடம் கழித்து நேர்மேலாகத் தூக்கி ஸ்லைடில் வைத்து, மைக்ரோஸ்கோப்பின் 10 எக்ஸ் லென்ஸில் மூலையிலிருந்து வரிவரியாகப் பாருங்கள். காயவிட்டால் உப்பு படிகமாகும், முட்டையும் சுருங்கிப்போகும்.

உருளைப்புழு முட்டை ஏறக்குறைய வட்டம். உள்ளே கருப்பாக நிறைந்திருக்கும், தடித்த ஓட்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். கொக்கிப்புழு முட்டை நீள்வட்டம். மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் கொத்துபோல் சில செல்கள். புதியவர்கள் ஏமாறுவது காற்றுக் குமிழியில்தான்: கருப்பு வளையம், நடுவே வெறுமை.

எதுவும் தெரியவில்லையா? குட்டி சுத்தம் என்று முடிவுகட்டாதீர்கள். உருளைப்புழு லார்வா தாய் வயிற்றிலேயே குட்டிக்குள் நுழைந்துவிடும். ஆனால் புழு வளர்ந்து முட்டையிட மூன்று வாரமாவது ஆகும். நாடாப்புழு முட்டை இந்த முறையில் அவ்வளவாகச் சிக்காது. ஆசனவாயைச் சுற்றி அரிசி போன்ற துண்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அதனால் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் 2, 4, 6, 8 வாரங்களில் குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும், தாய்க்கும் சேர்த்து. ஃபென்பெண்டசோல் என்றால் கிலோவுக்கு 50 மில்லிகிராம், தொடர்ந்து 3 நாள். கண்ணளவு எடை வேண்டாம். தராசில் எடை போட்டுவிட்டு மருத்துவரிடம் அளவைக் கேளுங்கள்.

உருளைப்புழு முட்டை மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்த பிறகே தொற்றும். அந்த மண் குழந்தையின் வாய்க்குப் போனால் லார்வா கல்லீரலுக்கும் கண்ணுக்கும் போகலாம். கொக்கிப்புழுவுக்கு அந்த அவகாசமும் இல்லை. சில நாளில் வெறுங்காலில் ஏறி, தோலுக்கடியில் வளைந்து வளைந்து அரிக்கும் கோடு போடும். எனவே மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பினாயிலுக்கு உருளைப்புழு முட்டை சாகாது. சிமென்ட் தரைக்கும் சோதனைக் குழாய்க்கும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான்.