டொக்டரும் மனைவியும்: இருவருக்கும் சேர்த்து ஒரு நினைவு மலர் எழுதுவது எப்படி

இலங்கையின் வன்னியில் பிறந்து லண்டன் பக்கம் போய் வைத்தியராக இருந்த ஒருவர் காலமானால், 31ஆம் நாள் அந்தியேட்டிக்குள் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தை அடித்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் அங்கிருந்து வட்ஸ்அப்பில் அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்தில் வருவது பெரும்பாலும் ஒரே மாதிரிப் புத்தகம்தான். முன்னுக்குப் பஞ்சபுராணப் பாடல்கள், நடுவில் அவர் படித்த பள்ளிக்கூடம், பெற்ற பட்டம், வேலை செய்த ஆஸ்பத்திரிகள், கடைசியில் நன்றி நவிலல். மனைவிக்கு ஒரு வரி, "அன்னாரின் உயர்வுக்குத் துணைநின்ற பாரியார்" என்று. நாற்பது ஐம்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த இரண்டு பேரில் ஒருவரை மட்டும் எழுதிவைப்பது எனக்குப் பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். 31ஆம் நாளுக்குத் தேவார திருவாசகமும் இறந்த திதியைச் சொல்லும் வெண்பாவும் உள்ள சின்னப் புத்தகம் போதும். வாழ்க்கையை எழுதும் மலரை ஆட்டைத் திவசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடம் கையில் இருக்கும். வெண்பா எழுதித் தருபவரிடம் இறந்த தேதியை மட்டும் சொன்னால் போதாது, இறந்த நேரத்தையும் ஊரையும் சொல்லுங்கள். இங்கிலாந்து நேரம் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், அவர்களுடைய கோடையில் நாலரை. அங்கே இரவு பத்து மணிக்கு நடந்தது இங்கே அடுத்த நாள் விடியப்புறம். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கக் கணிப்புகளில் எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வீட்டில் இதுவரை எதைப் பார்த்தீர்களோ அதையே பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வருடமும் திவசத்துக்கு இரண்டு நாள் வைத்துக்கொண்டு சண்டை பிடிக்க வேண்டிவரும்.

மலருக்குத் தகவல் சேர்க்கும்போது பிள்ளைகளிடம் தொடங்க வேண்டாம். அவர்களுக்கு லண்டன் வீடுதான் தெரியும். முள்ளியவளையிலோ அக்கராயனிலோ இருக்கும் ஆக வயது கூடிய ஆளிடம் போங்கள், அதிலும் மனைவியின் பக்கத்து ஆளிடம் முதலில் போங்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனிசன்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பொருளையும் இடத்தையும் பற்றிக் கேளுங்கள். சம்பந்தம் பேச யார் வந்தது, எதில் வந்தார்கள்? வெளிநாடு புறப்பட்ட அன்று பெட்டிக்குள் அம்மா என்னென்ன வைத்தா? லீவில் வந்து நின்றால் மருந்து கேட்டு யார் யார் வாசலுக்கு வருவினம், அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியது யார்? அங்கிருந்து ஒடியல் கேட்டு எழுதினார்களா, பாலைப்பழக் காலம் பார்த்து வருவார்களா? இப்படிக் கேட்டால் மாமி ஒரு மணித்தியாலம் கதைப்பா. ஃபோனில் ரெக்கோர்டிங்கைப் போட்டுவிட்டு மேசையில் வையுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இடையில் குறுக்கிட வேண்டாம்.

படங்கள்தான் பெரிய கஷ்டம். போர்க்கால இடப்பெயர்வுகளில், அதிலும் 2009இல், வன்னியில் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் போய்விட்டன. ஆனால் கலியாணப் படத்தை அந்தக் காலத்தில் சொந்தக்காரருக்குத் தபாலில் அனுப்புவார்கள். ஆகவே சண்டைக்கு முன்னரே ஊரைவிட்டுப் போன உறவுகளைத் தேடுங்கள், கொழும்பு, சென்னை, கனடா எங்கேயும். படம் பழைய அல்பத்தில் ஒட்டிப்போயிருந்தால் பிய்க்கச் சொல்லாதீர்கள், யன்னல் வெளிச்சத்தில் அப்படியே ஃபோனால் எடுத்து அனுப்பட்டும். கழற்றக்கூடிய படமென்றால் பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள், ஸ்டுடியோவின் முத்திரையும் ஆரோ பென்சிலால் எழுதிய பெயர்களும் அங்கேதான் இருக்கும்.

மடித்து ஒட்டி அனுப்பும் நீல நிற ஏரோகிராம் கடிதம் ஒன்று கிடைத்தால் அதைவிடப் பெறுமதியானது வேறில்லை. கையெழுத்தைக் கவனியுங்கள். நான் பார்த்த சில கடிதங்களில் டொக்டர் மேலே நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார், மிச்சமெல்லாம் மனைவி. மடிப்பு ஓரத்திலும் திருப்பி எழுதியிருப்பா, குளிரையும் பிள்ளையின் இருமலையும், தம்பிக்கு அனுப்பிய காசு கிடைத்ததா என்பதையும். அதை அப்படியே ஒரு முழுப் பக்கத்தில் படமாகப் போடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.

டொக்டரின் தொழில் விபரத்தைச் சரிபார்ப்பது சுலபம். யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் வந்தது 1978இல், பேராதனையில் 1962இல். எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டம் பெற்றவரை யாழ்ப்பாணத்தில் படித்தவர் என்று யாராவது சொன்னால் அது தவறு. கிளிநொச்சி தனி மாவட்டமானதும் 1984இல்தான், அதற்கு முதல் அது யாழ்ப்பாண மாவட்டம். பிறப்புப் பதிவு தேடும்போது இது உதவும். பிரித்தானியாவின் வைத்தியர் பதிவேடு 1859 முதல் நீண்ட காலம் அச்சில் வந்தது, எந்த வருடம் பதிந்தார் என்று அதில் பார்க்கலாம். அங்கே வைத்தியர்களின் தொழில்சார் அமைப்புகளான ரோயல் கல்லூரிகளில் ஃபெலோவாக (உயர்நிலை உறுப்பினராக) இருந்தவர் என்றால், இறந்த ஃபெலோக்களின் வாழ்க்கைக் குறிப்புகளை அந்தக் கல்லூரிகளில் சில இணையத்தில் வைத்திருக்கின்றன, அதையும் பாருங்கள்.

மனைவிக்கு அப்படி ஒரு பதிவேடும் இல்லை. அதனால்தான் அவவின் பகுதிக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் என்.எச்.எஸ் எனும் பிரித்தானிய அரச சுகாதார சேவையில் இளம் வைத்தியர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு ஊர். தெற்காசியாவிலிருந்து போனவர்களில் பலர், விரும்பிய துறையில் இடம் கிடைக்காமல், முதியோர் வைத்தியத்துக்கும் மனநோய்ப் பிரிவுக்கும் தொழிற்சாலை ஊர்களின் குடும்ப வைத்தியத்துக்கும் போக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிகளின் பெயரை வரிசையாக அடுக்காமல், ஒவ்வொரு இடமாற்றத்திலும் வீட்டைக் கட்டி அவிழ்த்தது யார், பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம் தேடியது யார் என்று எழுதுங்கள். ஊரில் அவ ரீச்சராக இருந்து அதை விட்டுவிட்டுப் போனாவா? சொந்தமாக கிளினிக் எடுத்தபின் முன்மேசையில் இருந்து ஃபோன் எடுத்ததும் கணக்குப் பார்த்ததும் அவவா? சம்பளம் இருந்ததா? பிள்ளைகளிடம் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள், பலர் அதுவரை யோசித்தே இருக்கமாட்டார்கள்.

ஊருக்குத் திரும்புவதா இல்லையா என்று இருவரும் வாக்குவாதப்பட்டிருந்தால் அதையும் எழுதலாம். குளத்தடிக் காணியை விற்பதா வைத்திருப்பதா என்று இருபது வருடம் இழுபட்டிருந்தால் அதுவும் அவர்களின் வாழ்க்கைதான். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. சண்டைக் காலத்தில் அவர்கள் இங்கே யாருக்கு உதவினார்கள் என்று எழுதும்போது, உதவி பெற்றவர் உயிரோடு இருந்தால் கேட்காமல் பெயர் போடாதீர்கள். காசு வாங்கியது அச்சில் வருவதைப் பலர் விரும்புவதில்லை, வேறு காரணங்களும் இருக்கலாம்.

தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காகப் பின்பக்கத்தில் ஆங்கிலச் சுருக்கம் ஒன்று சேருங்கள். புத்தகத்தின் பிடிஎஃப் ஒன்றை 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அச்சடிக்க வேண்டாம். முதலில் பத்துப் பிரதி மட்டும் எடுத்து, உங்களோடு கதைத்த வயதானவர்களிடம் கொண்டுபோய்ப் பெரிய எழுத்தில் வாசிக்கக் கொடுங்கள், கண் தெரியாவிட்டால் இருந்து வாசித்துக் காட்டுங்கள். எந்த மச்சாளின் பெயர் விடுபட்டது, எந்தப் படத்தில் நிற்பது அக்கா இல்லை தங்கச்சி என்றெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். திருத்தியபின் மிச்சத்தை அடியுங்கள்.