கொம்பைப் பார்க்கிறோம், புழுவைப் பார்ப்பதில்லை: பூச்சிகளின் ஆயுதங்கள் பற்றி நாம் விடும் பிழைகள்

போன மழைக்காலத்தில் ஒரு இரவு. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நடையில் எரிந்துகொண்டிருந்த ரியூப் லைட்டில் எதுவோ 'டப்' என்று மோதி விழுந்தது. மேல்மாடிப் பையன் அதை ஜாம் போத்தலில் போட்டுக்கொண்டு என் கதவைத் தட்டினான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவன். "சேர், காண்டாமிருக வண்டு. கொம்பு இருக்கு, அதனால ஆண். இந்தக் கொம்பாலதான் தென்னையைத் துளைக்குது. சண்டை பிடிச்சுப் பிடிச்சுத்தான் கொம்பு இவ்வளவு வளர்ந்திருக்கு" என்றான்.

மூன்று விஷயம் சொன்னான், மூன்றும் பிழை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் இதையெல்லாம் நம்பியவன்தான்.

முதலில் ஆணா பெண்ணா என்ற கதை. போத்தலிலிருந்து வண்டை எடுத்துப் பிடித்தோம். பிடித்தவுடன் கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டது. வாயால் அல்ல, வயிற்றை இறக்கையின் ஓட்டில் உரசி எழுப்பும் சத்தம். கால் முட்கள் விரலில் பிடித்துக்கொண்டு விட மறுத்தன. மல்லாத்தி வால் பக்கத்தைப் பார்த்தோம். செம்பழுப்பு நிறத்தில், பழைய பல் தூரிகை போல, அடர்ந்த மயிர். அது பெண்! இந்த இனத்தில் இரண்டு பாலுக்கும் கொம்பு உண்டு. ஆணின் கொம்பு பொதுவாக நீளம். ஆனால் சின்ன ஆணின் கொம்பும் பெரிய பெண்ணின் கொம்பும் ஒரே அளவில் இருக்கலாம். ஆகவே கொம்பைப் பார்த்துப் பெயர் வைக்காமல் வாலைத் திருப்பிப் பாருங்கள்.

கொம்பு என்றாலே ஆண் என்ற எண்ணம் வேறு இடங்களிலும் காலை வாரும். சாணி வண்டுகளில் ஒந்தோபேகஸ் சஜிட்டேரியஸ் என்று ஓர் இனம் உண்டு. அதில் பெண்ணுக்கும் கொம்பு, அதுவும் ஆணின் கொம்பு போல அல்லாமல் வேறு வடிவத்தில். பெண்கள் சாணிக்காகப் போட்டியிடுகின்றன, அந்தப் போட்டியில் கொம்பு கைகொடுக்கிறது.

இரண்டாவது, துளைப்பது. தென்னங்குருத்தைக் கடித்துத் துளைப்பது வண்டின் தாடை. விரியாத ஓலையை அது குறுக்கே கடித்துவிட்டுப் போக, பிறகு அந்த ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோண வெட்டுகள் தெரிகின்றன. நெருக்கமான மட்டைகளுக்கிடையே உடலை ஊன்றித் தள்ள வேண்டுமானால் கொம்பு உதவலாம். துளைக்கும் கருவி அதுவல்ல. தென்னையின் இன்னொரு எதிரியான சிவப்புக் கூன்வண்டுக்கும் முன்னால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் ஆயுதம் என்று எழுதிவிடாதீர்கள். நீண்டுபோன முகம் அது, நுனியில் வாய். நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் ஆயுதம் இல்லை.

உண்மையைச் சொன்னால், நம் தென்னந்தோட்டத்து வண்டு மிகைவளர்ச்சிக்கு, அதாவது உடலுக்கு மீறி ஓர் உறுப்புப் பெருப்பதற்கு, அவ்வளவு நல்ல உதாரணம் இல்லை. அதன் கொம்பு அடக்கமானது. சைலோட்ருபெஸ் சாதி வண்டுகள் இலங்கையிலும் உண்டு, ஆணுக்குத் தலையிலும் மார்பிலும் கவட்டுக் கொம்புகள். ஜப்பானிய காண்டாமிருக வண்டில் பெரிய ஆணின் கொம்பு உடல் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை போகும். மிகைவளர்ச்சி என்ற சொல்லை இப்படிப்பட்டவற்றுக்கு வைத்துக்கொள்வோம்.

இப்போது மூன்றாவது பிழை. சண்டை பிடித்துப் பிடித்துக் கொம்பு வளர்ந்தது என்பது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

வண்டு நிறைவுடலியான பிறகு, அதாவது முழு வண்டாக வெளிவந்த பிறகு, ஒரு மில்லிமீற்றர்கூட வளராது. ஓடு இறுகிவிட்டது, அவ்வளவுதான். கொம்பின் அளவு முடிவாவது அது உக்கிய மரக்குற்றிக்குள்ளோ எருக்குவியலுக்குள்ளோ வெள்ளைப் புழுவாகச் சுருண்டு கிடந்த காலத்தில். அப்போது அதற்குக் கொம்பும் இல்லை, எதிரியும் இல்லை. தின்பதுதான் வேலை. இந்தப் புழுப் பருவத்தின் (குடம்பிப் பருவத்தின்) கடைசியில், கூட்டுப்புழுவாக மாறுவதற்குச் சற்று முன், தலைத்தோலின் ஒரு பகுதிக் கலங்கள் வேகமாகப் பெருகுகின்றன. வெளியே தலையின் ஓடு இறுகியிருக்கிறது, இடமில்லை. அதனால் அந்தத் தோல் உள்ளுக்குள்ளேயே மடிந்து மடிந்து கிடக்கும்.

வெசாக் காலத்தில் புறக்கோட்டையில் தட்டையாக மடித்து விற்கிற கடதாசிக் கூடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒரு தாள் போலத்தான் இருக்கும், வீட்டில் விரித்தால் உருண்டையாகவோ நட்சத்திரமாகவோ எழும்பும். விரிக்கிறவர் வடிவத்தைச் செய்வதில்லை, மடிப்பில் அது ஏற்கெனவே இருக்கிறது. வண்டுக் கொம்பும் கிட்டத்தட்ட இப்படித்தான். புழுத்தோல் கழன்றதும் உடல் திரவத்தின் அழுத்தம் உள்ளே பாய, மடிப்புகள் விரிந்து கொம்பு எழும்புகிறது. ஜப்பானிய வண்டின் மடிப்புகளை அளந்து கணினியில் ஊதிப் பார்த்தவர்கள், கவட்டுக் கொம்பின் முழு வடிவமும் அந்த மடிப்புகளில் எழுதப்பட்டிருப்பதை 2017இல் காட்டினார்கள்.

அப்படியானால் அளவை எது தீர்மானிக்கிறது? சாப்பாடு. 'பெரிய கொம்புக்குப் பெரிய கொம்பு ஜீன்' என்று ஒரு வசனத்தில் முடிப்பது அடுத்த பிழை. ஒரே தாயின் பிள்ளைகளிலேயே நன்றாகத் தின்றது நீண்ட கொம்போடும் அரைவயிறாய்க் கிடந்தது குட்டைக் கொம்போடும் வெளிவரும். இந்தச் செய்தியை வயிற்றிலிருந்து கொம்புக்குக் கொண்டுபோகும் பாதைகளில் ஒன்று இன்சுலின். ஆம், நம் வீடுகளில் சீனி வருத்தத்துக்குக் குத்திக்கொள்வதன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வண்டுக் கொம்புகளை ஆராயும் உயிரியலாளர் டக்ளஸ் எம்லென் குழுவினர் 2012இல் ஜப்பானிய வண்டின் புழுக்களில் இன்சுலின் ஏற்பியின், அதாவது கலத்தில் இன்சுலின் செய்தியை வாங்கும் புரதத்தின், பரம்பரையலகை (ஜீனை) அடக்கிப் பார்த்தார்கள். கொம்பு சுமார் 16 சதவீதம் குறைந்தது. இறக்கை சுமார் 2 சதவீதம். புணர்ச்சி உறுப்பு அசையவே இல்லை.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது அந்த மூன்று எண்களின் வரிசை. ஒரே உடல், ஒரே இரத்தம், ஒரே செய்தி. ஆனால் உறுப்புக்கு உறுப்பு கேட்கும் காது வேறு. கொம்புக்குக் கூர்மையான காது: சாப்பாடு நன்றாக இருந்தால் தலைகால் தெரியாமல் வளரும், குறைந்தால் முதலில் சுருங்கும். ஆகவே கொம்பைப் பார்த்தால் அந்தப் புழு எப்படி வளர்ந்தது என்று ஓரளவு படித்துவிடலாம். ஏமாற்றிப் போலியாகப் பெரிய கொம்பு வைத்துக்கொள்வதும் கஷ்டம்.

இதனால்தான் கொம்பின் நீளத்தை மட்டும் ஒப்பிடுவது பயனற்றது. போன வருடம் ஒரு மாணவி தன் செயற்றிட்டத்தில் 'அ இடத்து வண்டுகளுக்குக் கொம்பு பெரிது, ஆ இடத்தில் சிறிது' என்று எழுதியிருந்தாள். நான் கேட்டேன், அ இடத்து வண்டுகளே பெரியவையா என்று. அளக்கவில்லை. அளக்காவிட்டால் சொல்ல எதுவுமில்லை, ஏனென்றால் கொம்பு உடலோடு சமவீதத்தில் கூடுவதில்லை. உடல் கொஞ்சம் பெருத்தால் கொம்பு இன்னும் அதிகமாகப் பெருக்கும். வரைபில் இரண்டையும் மடக்கை அளவில் குறித்தால் கோட்டின் சரிவு ஒன்றைத் தாண்டி ஏறும்.

சில இனங்களில் கோடு நேராக ஏறாமல், படிக்கட்டு மாதிரி ஓரிடத்தில் எகிறும். ஒந்தோபேகஸ் டோரஸ் என்ற சாணி வண்டில், ஒரு குறிப்பிட்ட உடல் அளவைத் தாண்டிய ஆண்களுக்கு மாட்டுக்கொம்பு போல வளைந்த நீண்ட கொம்பு, தாண்டாதவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கொம்பில்லாதவற்றை 'நோஞ்சான்', 'தோற்றது' என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பாவம் அவை! கொம்பன் சுரங்கவாசலில் காவல் நிற்கும்போது, கொம்பில்லாதது பக்கத்தில் வேறொரு சுரங்கம் தோண்டி, பின்வழியால் பெண்ணிடம் போய்விடும். குறுகலான சுரங்கத்தில் அதற்குக் கொம்பு ஒரு தொல்லை. தோல்வி என்று பார்ப்பதைவிட வேறு வழி என்று பார்ப்பதுதான் சரி.

அப்புறம், விடைத்தாள்களில் என்னைச் சிவப்புப் பேனை எடுக்க வைக்கும் வசனம்: 'சண்டையிடுவதற்காக வண்டு கொம்பை வளர்த்துக்கொண்டது.' எந்த வண்டும் எதற்காகவும் எதையும் வளர்த்துக்கொள்ளவில்லை. கூர்ப்பு நடப்பது தலைமுறைகளுக்கிடையே. அதே சாப்பாட்டில் கொஞ்சம் நீண்ட கொம்பு எழும்பிய ஆண்கள் சண்டையில் அதிகம் வென்று அதிகம் குஞ்சு விட்டன, அந்த வளரும் தன்மை பிள்ளைகளுக்குப் போனது. அப்படி எழுதினால் புள்ளி தருவேன். 'பெண்கள் பெரிய கொம்பையே விரும்பின' என்று எழுதுபவர்களும் உண்டு, மயிலின் தோகையை மனதில் வைத்து. வண்டுக் கொம்புகளில் பெரும்பாலும் கதை அதுவல்ல. பெண் வரும் இடத்தை, மரச்சாறு வடியும் ஓட்டையை அல்லது சுரங்கத்தின் வாசலை, யார் பிடித்து வைத்திருக்கிறார் என்பதுதான் போட்டி.

இடம் என்பது முக்கியம். சாணியை உருட்டிக்கொண்டு வெட்டவெளியில் போகும் வண்டுகளுக்குக் கொம்பு அரிது. சாணிக்குக் கீழே சுரங்கம் தோண்டும் வண்டுகளில்தான் கொம்பு திரும்பத் திரும்பத் தோன்றியிருக்கிறது. புறக்கோட்டைச் சந்தில் இரண்டு தள்ளுவண்டிகள் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்? ஒருவருக்கொருவர்தான், கூட்டம் சேர்ந்து மடக்க முடியாது, பலசாலி மற்றவரைப் பின்னுக்குத் தள்ளுவார். காலிமுகத்திடலில் அதே இருவர் சந்தித்தால் விலகிப் போய்விடலாம். சுரங்கமும் கிளையும் சந்து மாதிரி. அங்கேதான் பெரிய ஆயுதத்துக்கு விலை.

ஆயுதம் என்றதும் குத்திக் கொல்வது என்று நினைப்பதும் சரியில்லை. ஜப்பானிய வண்டு கவட்டுக் கொம்பை எதிரியின் அடியில் நுழைத்து, நெம்பி, மரத்திலிருந்து தூக்கி எறிகிறது. விழுந்தது எழும்பிப் பறந்துபோகும். எரின் மக்கலோ குழுவினர் 2014இல் பல இனங்களின் கொம்புகளைச் சோதித்தபோது, ஒவ்வொரு கொம்பும் அந்த இனம் சண்டை பிடிக்கும் விதத்தில் வரும் விசையைத்தான் நன்றாகத் தாங்கியது. நெம்பும் கொம்பு நெம்பலுக்கு, கவ்வும் கொம்பு கவ்வலுக்கு.

இந்த விஷயத்தில் பிழைவிட்டவர்கள் வரிசையில் டார்வினும் நிற்கிறார். வண்டுகள் சண்டை பிடிப்பதை யாரும் பார்த்ததில்லை, கொம்புகளில் உடைவோ தேய்வோ இருக்கிறதா என்று தேடிய இயற்கையியலாளர் பேட்ஸ் போதிய சான்று காணவில்லை, ஆகவே இவை அலங்காரம் என்று 1871இல் எழுதினார். இருந்த தரவுக்கு நியாயமான முடிவுதான். சேகரிப்புப் பெட்டியில் ஊசி குத்தி வைத்த வண்டில் தேடினால் சண்டை கிடைக்காது. அது நடப்பது இரவில், கிளையிலும் மண்ணுக்கடியிலும்.

'இவ்வளவு பெரிய கொம்போடு பறக்கவே கஷ்டப்படும்' என்பது கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் ஜப்பானிய வண்டில் அளந்து பார்த்தபோது கொம்பு பறத்தலை மிகச் சிறிதளவே பாதித்தது. பார்வைக்குப் பெரிய கொம்பு, உள்ளே வெறுமை. சரி, அப்படியானால் செலவே இல்லையா? அப்படியும் எழுத வேண்டாம். சாணி வண்டுகளில் செலவு வேறு கணக்கில் விழுகிறது. தலையில் கொம்பு வளரும் இடத்தைப் பொறுத்து, பக்கத்திலிருக்கும் கண்ணோ உணர்கொம்போ சிறுத்துப்போகும். ஒந்தோபேகஸ் நிக்ரிவென்ட்ரிஸ் என்ற இனத்தில் கொம்பு முளைக்கும் இடத்தைப் புழுவிலேயே சுட்டு அழித்தபோது, விந்து உண்டாக்கும் விதைகள் பெரிதாக வளர்ந்தன. செலவு இனத்துக்கு இனம் மாறும், அளந்துதான் சொல்ல வேண்டும்.

சிறிய பிழைகள் இரண்டு. கொம்பு ஒன்றுமில்லாத இடத்தில் புதிதாய் முளைத்த உறுப்பு என்பார்கள். சாணி வண்டின் மார்புக் கொம்பு, இறக்கை உருவாகும் அதே வகைத் திசுவிலிருந்து, அதே பரம்பரையலகுகளைக் கடன் வாங்கி வந்தது என்று 2019இல் காட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, எறும்பு, கறையான் சிப்பாய்களின் பெரிய தாடைகளையும் இதே பட்டியலில் சேர்ப்பது. அவை கூட்டைக் காக்கும் மலட்டுச் சிப்பாய்களின் ஆயுதம். பெண்ணுக்கான போட்டியில் வந்தவை அல்ல. கதையைத் தனியாகச் சொல்லுங்கள்.

மேல்மாடிப் பையன் இப்போது செயற்றிட்டம் செய்யப் புறப்பட்டிருக்கிறான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். உடல் அளவுக்கு மொத்த நீளத்தை எடுக்காதே, காய்ந்த வண்டின் வயிறு சுருங்கியிருக்கும், சில நேரம் வெளியே தள்ளியிருக்கும். வேணியர் இடுக்கிமானியால் முன்மார்பின் அகலத்தை எடு, அது மாறாது. ஒரே வண்டை மூன்று முறை அளந்து சராசரி போடு. குட்டை வண்டுகளை ஒதுக்காதே, படத்துக்கு அழகில்லாவிட்டாலும் வரைபின் கீழ்ப்பாதி அவைதான். வாலைத் திருப்பிப் பார்க்காமல் ஆண் என்று எழுதாதே.

புழுக்களைப் பலகணியில் பசளைத் தொட்டியில் வளர்த்து, பாதிக்கு நல்ல சாப்பாடும் பாதிக்குக் குறைவும் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். யோசனை நல்லது, இனம்தான் பிழை. தென்னைக்குப் பெயர்போன பீடை அது, கீழ்வீட்டு மாமியின் முற்றத்தில் இரண்டு தென்னை நிற்கிறது. போத்தல் வண்டைத் திரும்பப் பறக்க விடவேண்டாம் என்று அவர் ஏற்கெனவே படிக்கட்டில் நின்று சொல்லிவிட்டார்.